கட்டுகஸ்தோட்டைப் பேப்பர்

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகப் பரிசோதனை நடக்கப் போகிறது என்று ஜும்ஆ முடிந்ததும் அக்குறணைப் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஊர் அதைத் தன் வழக்கப்படி விளங்கிக்கொண்டது. பரிசோதனை என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். பாஸாக வேண்டுமென்றால் டியூஷன்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு நான்கு வயதானதும் பென்சிலைக் கையில் கொடுத்து எழுத வைத்தால், புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று அது எழுதிக்கொண்டே வளர்கிறது. பிறகு கல்யாணம் ஆகிறது, கடை வைக்கிறது, ஹஜ்ஜுக்குப் போய் வருகிறது. எழுத ஒன்றும் இல்லாமல் கிடந்த அந்தக் கடைசி இருபது வருடத்துக்கும் இப்போது ஒரு பரீட்சை கிடைத்திருந்தது.

"மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்போம்" என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். கண்டுபிடிப்போம் என்ற சொல்லில் கண் நின்றது அனீஸா ஒருத்திக்குத்தான். அவளுக்குக் கண்டுபிடிக்க ஒன்று இருந்தது.

அவளுடைய கணவர் முனாப் ஹாஜியார் மாத்தளை வீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை இப்போது மூத்த மகன் ஷிராஸ் பார்த்துக்கொண்டான். ஹாஜியாருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம், ஷிராஸின் மகள் அம்னாவைக் காலையில் வேனில் ஏற்றிக் கண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மத்தியானம் கூட்டிக்கொண்டு வருவது. போன மாதம் ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்ததும் வேனை நடுவீதியில் நிறுத்திவிட்டு, "மகள், ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் போற?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் பஸ்காரன்கள் ஹோர்ன் அடிக்க, அம்னா நேரே கையைக் காட்டியிருக்கிறாள். பாட்டன் தன்னோடு விளையாடுகிறார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அனீஸா சிரிக்கவில்லை. அன்றிரவே ஷிராஸிடம் சொன்னாள்.

"வாப்பா புள்ளைய டெஸ்ட் பண்ணிப் பாத்திரிக்கிறாரு உம்மா," என்றான் ஷிராஸ். "வழி தெரியுமா எண்டு பாக்க."

"நடுரோட்டுல வேன நிப்பாட்டியா?"

"அது அவர்ட ஸ்டைல் தானே."

"அஸரத் தொழுதுட்டு வந்து, திரும்பவும் போய் அஸரத் தொழுறாரு மகன். நான் ரெண்டு நாள் பாத்த."

"ரெண்டு தரம் தொழுதா நல்லது தானே. நாங்க ஒரு தரமே ஒழுங்காத் தொழல்ல."

அவனோடு பேசினால் எல்லா நோயும் நற்குணமாகிவிடும். ஹாஜியார் ஒரே கதையை மூன்று தரம் சொன்னால் அது பாசம். தம்பி மௌத்தானதை மறந்து அவரைப் பார்க்கப் புறப்பட்டால் அது இரத்த உறவு. அனீஸா கவலைப்பட்டால் மட்டும் அதற்கு வேறு பெயர் இருந்தது. "உம்மாக்கு பிரஷர் கூடிட்டு" என்பான்.

அவன் பயம் அவளுக்குத் தெரியாததல்ல. கடைக்குட்டி சப்னாவுக்கு அலவத்துகொடையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறதி பரம்பரையாக வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரிசோதனைக்குப் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். போய்த் தவறினால் கேட்கவே மாட்டார்கள், வராமல் விட்டுவிடுவார்கள். ஆகவே ஹாஜியார் போகவும் வேண்டும், பாஸாகவும் வேண்டும். ஷிராஸ் அஸ்ஃபர் சேரைக் கூப்பிட்டான்.

அஸ்ஃபர் சேர் ஊருக்கெல்லாம் புலமைப்பரிசில் வகுப்பு எடுப்பவர். வெறும் மதில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவருடைய விளம்பரப் பெனர் அதில் தொங்கும். இதே பரிசோதனை முந்திய ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் நடந்திருந்தது. அதற்குப் போய் வந்தவர்களை வீடு வீடாகப் பிடித்து, ஆளுக்கு ஒன்றாக நினைவிலிருந்ததைப் பொறுக்கியெடுத்து, மூன்று நாளில் முழு வினாத்தாளையும் தயாரித்துவிட்டார். மறதி இருக்கிறதா என்று பார்க்கப்பட்டவர்களின் ஞாபகத்திலிருந்தே அது தயாரானது என்பது அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை. வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போனது. எல்லாரும் அதைக் கட்டுகஸ்தோட்டைப் பேப்பர் என்றார்கள்.

"அஞ்சு சொல் கட்டாயம் வரும்," என்றார் சேர், ஹாஜியாரின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு. "மாங்கா, ஏணி, மழ, ஊசி, நீலம். எங்க, சொல்லுங்கோ ஹாஜி."

"மாங்கா," என்றார் ஹாஜியார். "ஏணி."

"மாஷா அல்லாஹ். மத்தது?"

"நீ அலவி மாஸ்டர்ட மகனா?"

"அது பேப்பர்ல இல்ல ஹாஜி. மழ."

பத்து நாள் இப்படி நடந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்வார்கள் என்பதால், கழிக்க வேண்டாம், பாடமாக்குங்கள் என்றார் சேர். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே பாடமாக்கினார். கடிகாரம் வரையச் சொல்வார்கள், முள் பதினொன்று பத்தில் நிற்க வேண்டும் என்றார். ஹாஜியார் நாளுக்கு நாற்பது கடிகாரம் வரைந்தார். ஒரு நாள் பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிபுக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது மருமகள் மணி கேட்டாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "பதினொண்டு பத்து," என்றார். வீடே கைதட்டியது.

"கிழம கேட்டா ஞாயிறு எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிக் கொடுத்திருந்தார் சேர். "கேம்ப் ஞாயித்துக்கிழம தானே, கண்ண மூடிட்டுச் சொல்லலாம்." அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலையில் அம்னா சீருடையோடு வேனருகில் நிற்க, ஹாஜியார் வீட்டில் உடுத்தும் சாரத்தோடு இருந்தார். இன்றைக்கு ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை என்றார். ஷிராஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா உம்மா, எப்பிடிப் பதிஞ்சிரிக்கி எண்டு?"

அனீஸா அடுப்படிக்குள் போனாள். அரிசி கொதித்துப் பொங்கி வழிந்தது. நெருப்பைக் குறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் மண்டபம் பரீட்சை மண்டபமாகவே இருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் ஹாஜிமார் வரிசையாக இருந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர் அல்லாஹ்வை நினைத்து திக்ர் செய்கிறார்கள் என்று எண்ணிக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கிட்டப் போனால் மாங்காய், ஏணி என்று கேட்கும். வாசலில் மகன்மார் தண்ணீர்ப் போத்தலோடும் குளுக்கோஸோடும் நின்றார்கள். ஒருவன் தன் தகப்பனின் காதில் கடைசி நிமிடத்தில் ஏதோ சொல்ல, தகப்பன், "இப்ப ஒண்டும் சொல்லாத, எல்லாம் கலங்கிரும்," என்று எரிந்து விழுந்தார்.

திரைக்குப் பின்னால் சோதிக்க இருந்தவர் டொக்டர் சர்மிளா. இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து கண்டியில் வேலை பார்ப்பவர். முதல் இரண்டு பேர் முப்பதுக்கு முப்பது எடுத்தபோது அவர் மகிழ்ந்தார். மூன்றாவதாகப் போனவர் ஆஸியா உம்மா. எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம், குரல் தாராளம். உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவர் தொடங்கியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மாங்கா, ஏணி, மழ, ஊசி, நீலம். வேற என்ன மகள்?"

"நான் இன்னும் எதுவுமே கேக்கலையேம்மா."

"கேக்கத் தேவல்ல. வீட்டுல வேல கெடக்கு. தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு..."

பிறகு டொக்டர் வெளியே வந்து மண்டபத்தைப் பார்த்தார். அசைந்துகொண்டிருந்த உதடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அவர் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான்காவது ஆளிடம் அவர் சொன்ன சொற்கள் ரயில், தேன், கதவு, முயல், பச்சை.

அந்த நான்காவது ஆள் வெளியே வந்ததும் மண்டபம் கொந்தளித்தது.

"மொயல் எண்டு கேட்டாங்களாம்!"

"மொயலா? மொயல் எங்க இருந்து வந்த?"

அஸ்ஃபர் சேர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "டொக்டர், இது சிலபஸுக்கு வெளிய."

"இதுக்கு சிலபஸே கெடையாதுங்க சார்."

"அப்ப புள்ளைகள் எப்பிடிப் படிக்கிற?"

டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வெளியே இருந்த பிள்ளைகளில் ஒருவருக்கு பல் செட் கழன்று மடியில் விழுந்திருந்தது. அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹாஜியாரின் முறை வந்தபோது அனீஸாவும் கூடவே உள்ளே போனாள். டொக்டர் புதிய ஐந்து சொற்களையும் நிதானமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். ஹாஜியார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கணீரென்று, "மாங்கா, ஏணி, மழ, ஊசி, நீலம்," என்றார்.

"அது இல்லீங்க ஐயா. நான் இப்ப சொன்னது."

"மாங்கா," என்று மறுபடி தொடங்கினார் ஹாஜியார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அனீஸா முன்னால் சாய்ந்தாள். "டொக்டர், இவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திரிக்கி. மெய்யாவே மறதி இரிக்கி இவருக்கு. கட்டுகஸ்தோட்டப் பாலத்துல..." என்று தொடங்கி, வேன் நின்றதையும் இரண்டு அஸரையும் மௌத்தான தம்பியையும் ஒரே மூச்சில் சொன்னாள். இத்தனை நாளாக அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் கேட்டதில்லை. டொக்டர் கேட்டார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேம்மா. ஆனா இந்தத் தாள்ல அத எழுத முடியல. இவர் மறந்துட்டாரா, இல்ல படிச்சத ஒப்பிக்கிறாரான்னு எனக்குத் தெரியல. இன்னைக்கு வந்த எல்லாருமே மாங்காதான் சொல்றாங்க. மறதி இருக்கிறவரும் மாங்கா, இல்லாதவரும் மாங்கா." பேனாவை மூடி வைத்தார். "கண்டிக்கு, எங்க க்ளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க. யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது. அதுவரைக்கும் வண்டி ஓட்ட விடாதீங்க."

வீட்டுக்கு வந்து அனீஸா இதைச் சொன்னபோது ஷிராஸ் கோழிக் கறியோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஊர்ல எல்லாரும் ஃபெயில் உம்மா. வாப்பா மட்டுமா?"

"வேன் ஓட்ட வேணாம் எண்டு டொக்டர் சொன்ன."

"அப்பிடிப் பாத்தா இண்டைக்கு அக்குறணைல ஒருத்தரும் வேன் ஓட்டேலா. பேப்பர் கஷ்டம், அவ்வளவு தான்."

பேப்பர் கஷ்டம் என்பது அந்த வாரம் ஊரின் பொதுக் கருத்தாக இருந்தது. எல்லாரும் பாஸாகியிருந்தால் அனீஸாவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எல்லாரும் ஃபெயிலானபோதும் நம்பவில்லை. அலவத்துகொடைச் சம்பந்தி பக்கத்திலும் மாப்பிள்ளையின் தகப்பன் இதே பரிசோதனைக்கு வந்து முயலில் தவறியிருந்தார். இரண்டு பக்கமும் ஃபெயில் என்பதால் கல்யாணப் பேச்சு மிகவும் சுமுகமாக நடந்தது. அஸ்ஃபர் சேர் மீள்பரிசீலனை கேட்டு, பரிசோதனையை நடத்திய நலன்புரிச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, டவுனில் ஒரு பெனரும் கட்டினார். முப்பதுக்கு முப்பது பெற்ற தன் மூன்று மாணவர்களுக்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தார். இரண்டு ஹாஜிமாரின் படங்கள் இருந்தன. பெண்பிள்ளையின் படத்தை வீதியில் தொங்கவிடுவது சரியில்லை என்று ஆஸியா உம்மாவின் பெயருக்கு மேலே ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தது.

ஹாஜியார் பரிசோதனைக்கு மறுநாளும் அம்னாவை ஏற்றிக்கொண்டு போனார். அனீஸா கேட்டில் நின்றாள். வேன் வளைவில் மறைந்த பிறகும் நின்றாள். மத்தியானம் அது திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அம்னாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. விடியலில் சுபஹுக்கு எழும்பியதும் அனீஸா வேன் சாவியை எடுத்து, அலுமாரியில் தான் மௌத்தானால் மையித்துக்குச் சுற்றவென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணி மடிப்புக்குள் செருகினாள். அதற்குள் யாரும் கை போட மாட்டார்கள்.

எட்டு மணிக்கு ஹாஜியார் தேடத் தொடங்கினார். மேசையில், சட்டைப் பையில், குர்ஆன் வைக்கும் தட்டில், குளிர்சாதனப் பெட்டியில்கூடத் தேடினார். பிறகு அவள் முன்னால் வந்து நின்று, "எங்கேயோ வெச்சிட்டன் போல," என்றார். சிறு பிள்ளை மாதிரி முகம் சுருங்கியிருந்தது. நீங்கள் வைக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அனீஸா சொல்லவில்லை.

"பரவாயில்ல, பஸ்ல போவம்," என்றாள். "கண்டில ஒரு ஆளப் பாக்கணும்."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கலங்கலாக ஓடியது. ஹாஜியார் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். இடைக்கிடையே உதடு அசைந்தது. என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மாங்காய் என்பாரோ என்று பயமாக இருந்தது.

க்ளினிக் அறையில் திரை இல்லை, கூட்டம் இல்லை. டொக்டர் சர்மிளா அவர்களை அடையாளம் கண்டு சிரித்தார். முதலில் என்ன மாதம் என்று கேட்டார். ஹாஜியார் யோசித்து, "நோன்பு முடிஞ்சிட்டு தானே," என்றார். எந்த ஊரில் இருக்கிறோம் என்றதற்குக் கண்டி என்றார். சரி. பிறகு டொக்டர் முன்பு சொல்லாத ஐந்து சொற்களைச் சொன்னார். குடை, வெற்றிலை, சேவல், பாலம், மஞ்சள். ஹாஜியார் ஐந்தையும் உடனே திருப்பிச் சொன்னார். நான்தான் தவறாக நினைத்துவிட்டேனோ என்று அனீஸா ஒரு கணம் நினைத்தாள். தவறாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள்.

டொக்டர் வேறு எதையெதையோ கேட்டார். படங்களைக் காட்டினார். கடிகாரம் வரையச் சொன்னார், மூன்று மணிக்கு. ஹாஜியார் அழகான வட்டம் போட்டு, எண்களைப் பிசகாமல் எழுதி, முள்களைப் பதினொன்று பத்தில் நிறுத்தினார்.

"ஐயா, முன்ன அஞ்சு சொல் சொன்னேன்ல. இப்ப ஞாபகம் வர்றதச் சொல்லுங்க."

ஹாஜியார் டொக்டரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, அனீஸாவின் பக்கம் திரும்பினார்.

வழக்கம்போலத்தான். கல்யாண வீடுகளில் எதிரே ஒருவர் ஸலாம் சொல்லி வரும்போது அவர் இப்படித்தான் திரும்புவார். அவள் முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "மடவளை பஹீம் நானா," என்பாள். உடனே அவர், "ஆ, பஹீம்!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பேரப் பிள்ளைகளின் பெயர், மருமகளின் ஊர், மாத்திரை போட்டாயிற்றா என்பது, தொழுதது எத்தனை ரக்அத் என்பது. இரண்டு வருடமாக இருக்கும், மூன்றும் இருக்கும். யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து அவள் அவரைப் பாஸாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். ஷிராஸ் ஏன் நம்புவான்? அஸ்ஃபர் சேர் நேற்று வந்தவர்.

குடை, வெற்றிலை, சேவல், பாலம், மஞ்சள். ஐந்தும் அவள் வாய்க்குள் இருந்தன. உதட்டை இலேசாகக் குவித்தால் போதும், முதல் எழுத்தை அவர் பிடித்துக்கொள்வார். டொக்டர் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், தெரியவும் வராது. ஹாஜியாரின் கண் அவளுடைய வாயிலேயே நின்றது. அவசரப்படவில்லை. அவள் தருவாள் என்று அவருக்குத் தெரியும். பாடமாக்கின எல்லாவற்றையும் விட அது ஒன்று அவருக்கு உறுதியாக ஞாபகம் இருந்தது.

அனீஸா வாயைத் திறக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"பரவாயில்லீங்க ஐயா," என்று கடைசியில் டொக்டர் சொன்னார். தாளில் எழுதினார். எழுதிக்கொண்டே, வேன் ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகக் கடிதத்தில் போட்டுத் தருகிறேன், மகனிடம் கொடுங்கள், மருந்தும் இருக்கிறது, நேரத்தோடு வந்தது நல்லது என்றார். அனீஸா தலையசைத்தாள். அவள் கேட்டு நின்றது கிடைத்துவிட்டது.

ஹாஜியார் அவள் பக்கம் சாய்ந்தார். குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது.

"ஒனக்குத் தெரிஞ்சிரிந்த தானே?"

"தெரிஞ்சிரிந்த."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க பாஸாகிடுவீங்க."

ஹாஜியார் அதை நிதானமாக யோசித்துப் பார்த்தார். எங்கே பிழை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பாஸானா நல்லம் தானே அனீஸா," என்றார்.